புகை வராத ஜாவா

அத்தியாயம் 12

டேங்க்குக்கு அடித்த பெயிண்ட் காய்கிற வரைக்கும் ஈ காக்கை அண்டக்கூடாது என்று அரசப்பன் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தாரே, அங்கேதான் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். பெயிண்ட் நன்றாகவே காய்ந்தது. ஈ வரவில்லை, காக்கை வரவில்லை. பொன்னேரியிலிருந்து சின்னப்பொண்ணு வந்துவிட்டாள்.

சின்னப்பொண்ணு, அரசப்பனின் மனைவி கெங்கம்மாளுக்குக் கூடப் பிறந்த தங்கை. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. குணா செத்த அன்று மாரில் அடித்துக்கொண்டு தெருவில் புரண்டவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் ஒரு வீட்டில் நல்ல காரியம் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், யார் எங்கே நிற்க வேண்டும், யார் நிற்கக் கூடாது என்று சொல்வதற்கு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

நல்ல காரியம் இதுதான்: குணாவின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளை இன்று காலை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யப் போகிறார்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குணா, அரசப்பனின் ஒரே மகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பழவேற்காட்டில் அமானுல்லா பாய் வீட்டுக் கொல்லையில் கோழி முட்டையிட்டுக் கிடந்த எழுபத்தோராம் வருஷத்து ஜாவாவை, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். மாட்டு வண்டி நின்ற கொட்டகையைக் காலி செய்து, தரைக்குச் சிமெண்ட் போட்டு, அதையே பட்டறையாக்கினான். "நெல்லு போட வேண்டிய எடத்துல காயலாங்கடை வெச்சிட்டான்" என்று அரசப்பன் ஊரெல்லாம் சொல்லி முடித்தார். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது நின்றே போனது.

ஒவ்வொரு ஞாயிறும் குணா கழற்றுவான், துடைப்பான், மாட்டுவான். அவன் மனைவி பூமிகா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் மற்றவர்கள் மகாபலிபுரம் போனார்கள், இவர்கள் இந்தக் கொட்டகைக்குள் போனார்கள். பிஸ்டனும் சிலிண்டரும் மாட்டி இஞ்சினை மூடிய ஞாயிறன்று, கடைசி நட்டை மட்டும் முறுக்காமல் வைத்து, "இது உன்னுது" என்று ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தான். அந்த வாரமே நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கவரைப்பேட்டை திருப்பத்தில் லாரி அடித்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள், அதுவரை அந்த வண்டியை விரலால்கூடத் தொடாத அரசப்பன் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார். எந்த போல்ட் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. பூமிகாவுக்குத் தெரியும். அப்படித்தான் மாமனாரும் மருமகளுமாக ஒரு வருஷம் ஓட்டினார்கள். சக்கரம், ஒயரிங், சீட், பெயிண்ட் எல்லாம் ஆயிற்று. பூமிகா கேட்டது ஒன்றுதான். "எது வேணா மாத்திக்கலாம் மாமா. இஞ்சின மட்டும் தொறக்க வேணாம். அவரு மூடுனது அப்படியே இருக்கட்டும்."

"யாரு தொறக்கறா? என் புள்ள மூடுனத நான் தொறப்பனா?" என்றிருந்தார் அரசப்பன்.

முதல் தெவசமும் முடிந்துவிட்டது. இன்றைக்கு வண்டியை எடுத்து, தெருக்கோடி அம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

பூமிகா அடுப்படியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் உள்ளே வந்தாள். தண்ணீர்க் குடத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அவள் எதையோ சொல்ல முடியாமல் சுற்றுகிறாள் என்பது மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா அத்தை?"

"ஒண்ணுமில்ல. உன் சின்ன அத்தை ஒண்ணு சொல்றா."

"சொல்லுங்க."

"வண்டி கெளம்பி கோயில சுத்திக்கினு வர்ற வரைக்கும் நீ உள்ளாற இருந்துக்கோன்னு சொல்றா. எதுர நிக்க வேணாமாம்."

பூமிகா கரண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அத்தை அழுதுவிடுவாள் என்று தோன்றியது. மகன் செத்த மறுநாள் மருமகளின் பொட்டை அழிக்க வந்த கிழவிகளை வாசலோடு திருப்பி அனுப்பியவள் கெங்கம்மாள். கலர் புடவைதான் கட்ட வேண்டும் என்று அவளே போய் எடுத்துக்கொண்டு வந்தவள். அவள் வாயிலிருந்து இது வந்ததுதான் பூமிகாவைச் சுட்டது.

"நான் அதெல்லாம் நம்பறவ இல்ல பூமி. ஆனா அந்த மனுசனுக்கும் வயசாயிடுச்சு. வண்டியில போன உசுரு ஒண்ணு போதும்னு இருக்குது எனக்கு. எனக்கு பயமா இருக்குதுடி."

"சரி அத்தை, நான் இங்கியே இருக்கேன்" என்றாள் பூமிகா. ஒரு வருஷமாக அந்த வண்டியின் ஒவ்வொரு ஒயரையும் தன் கையால் இழுத்தவள், அது உயிர் பெறும்போது அடுப்படியில் இருக்கச் சம்மதித்தாள். கெங்கம்மாள் அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, தலை குனிந்து வெளியே போனாள்.

ஆயில் ஞாபகம் அப்போதும் பூமிகாவுக்கு வந்தது. ஜாவா மற்ற வண்டிகளைப் போல இல்லை. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில்தான் உள்ளே பிஸ்டனுக்கு வழவழப்பு. அது எரிந்துதான் சைலன்சரில் நீலமாகப் புகை வரும். நேற்றுச் சாயங்காலமே ஆயில் டின்னையும் அளவு மூடியையும் டேங்க்குக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அதைப் பார்க்காமல் மாமா பெட்ரோல் ஊற்ற முடியாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெளியே சின்னப்பொண்ணின் குரல் கேட்டது. "நேரம் போவுது மாமா. தேங்காய ஒடைங்க."

தேங்காய் உடைந்தது. கற்பூர வாசனை வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி யாரோ யாரையோ விரட்டினார்கள். பிறகு கிக்கரை உதைக்கிற சத்தம். ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான், அதுவும் இடது பக்கம். அரசப்பனுக்கு அந்தப் பழக்கம் வர ஒரு மாதம் ஆனது. ஒன்று, இரண்டு என்று பூமிகா மனசுக்குள் அவரோடு சேர்ந்து உதைத்தாள்.

இஞ்சின் பிடித்தது.

அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு பூமிகா அழுதாள். வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். இந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று குணா வாயாலேயே செய்து காட்டியிருக்கிறான். அவன் செய்து காட்டியதைவிட இது நன்றாக இருந்தது. அவனுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

வண்டி கொட்டகையை விட்டு நகர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அடுப்படி ஜன்னலுக்கு நேராகச் சின்னப்பொண்ணு நின்றுகொண்டு அக்காவிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"பாத்தியாக்கா, மொதல்ல கொஞ்சூண்டு வந்துது. இப்ப ஒரு பொட்டு புகை இல்ல. புது வண்டி கணக்கா போவுது பாரு."

பூமிகாவின் அழுகை பாதியில் நின்றது.

ஜன்னலில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். கற்பூரம் வந்தது, வறுத்த முந்திரி வந்தது. ஆயில் எரிகிற வாடை மட்டும் இல்லை. அந்த வாடையை அவள் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பாள். குணா தன் சிநேகிதன் தானியேலின் மெக்கானிக் கடையில் பழைய வண்டிகளோடு மாரடித்துவிட்டு வருகிற நாட்களில், சட்டையை வாசலிலேயே கழற்று என்று அவனோடு சண்டையே போட்டிருக்கிறாள்.

கண் தானாகத் துணி துவைக்கிற கல்லுக்குப் போனது. ஆயில் டின் அங்கே இருந்தது, சீல் உடைக்காமல். தாம்பாளம் வைக்கப் பலகையில் இடம் வேண்டும் என்று சின்னப்பொண்ணு எடுத்துக் கொல்லையில் வைத்திருக்கிறாள். அவளுக்கு அது ஏதோ ஒரு அழுக்கு டின்.

ஆயில் இல்லாமல் ஓடுகிறது. புது பிஸ்டன், புதிதாய்க் கடைந்த சிலிண்டர். கொஞ்ச தூரம்தான் தாங்கும்.

பூமிகா வாசல் வரை ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள். எதுர நிக்க வேணாமாம். பயமா இருக்குதுடி. அத்தையின் முகம் வந்து நிலையில் நின்றது. கூப்பிட்டுச் சொல்லி அனுப்பலாமா, யாரை அனுப்புவது, சொன்னால் புரியுமா என்று யோசித்ததில் கொஞ்ச நேரம் போனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து அவள் இனி எத்தனை நாள் அழப்போகிறாள் என்று நமக்கே தெரியவில்லை.

பிறகு ஓடினாள். ஆரத்தித் தட்டோடு நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவில் ஓடினாள்.

அரசப்பன் கோயிலைச் சுற்றித் திரும்பிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, வெள்ளை வேட்டி காற்றில் அடிக்க வந்துகொண்டிருந்தார். ஒரு வருஷமாக அவர் முகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு இருந்தது. எதிரே இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு மருமகள் ஓடிவருவதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் விரிந்தது. சந்தோஷம் தாங்காமல் ஓடிவருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணிடுங்க மாமா."

அவருக்கு அது கேட்கவில்லை. ஒரு கையை எடுத்து அவளுக்கு ஆட்டினார். இஞ்சின் திடீரென்று கிறீச்சிட்டது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, மண்ணைக் கிழித்துக்கொண்டு சறுக்கி, வண்டி அவள் காலடியில் வந்து சாய்ந்தது. அரசப்பன் கை ஊன்றி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவர் எழுந்து முதலில் டேங்க்கைத் தடவிப் பார்த்தார். பெயிண்ட் போகவில்லை. கிக்கரை மிதித்தார். அது இம்மிகூட இறங்கவில்லை.

சின்னப்பொண்ணுதான் முதலில் பேசினாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நல்லா வந்துகினு இருந்த வண்டி. எதுர வந்தா, நின்னுபோச்சு. நான் சொன்னா யாரு கேக்கறா."

கெங்கம்மாள் புருஷனின் முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். பூமிகாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

நான்கு பேர் சேர்ந்து பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கவரைப்பேட்டையில் கடை வைத்திருக்கும் தானியேலுக்கு ஆள் போனது. குணாவோடு ஒன்றாய் ஐ.டி.ஐ. படித்தவன். குணா கூப்பிட்ட மாதிரியே இவனும் அரசப்பனை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

தானியேல் கிக்கரை அழுத்திப் பார்த்தான். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் பெட்ரோலைத் தேய்த்தான். விரல் வறண்டு போனது. மறுபடியும் தேய்த்தான்.

"பெட்ரோலு கோளாறா தானியேலு?" என்றார் அரசப்பன். "பங்க்குல சொல்லித்தானே வாங்கினேன். ஜாவாவுக்கும்மா, அத பாத்து போடுன்னு அந்தப் பொண்ணாண்ட சொன்னேன். கேன்ல நல்லாத்தான் புடிச்சி குடுத்துது."

தானியேல் நிமிர்ந்து பூமிகாவைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அரசப்பன் ராஜ்தூத் பைக் ஓட்டிய காலத்தில் பங்க்கிலேயே என்ன வண்டி என்று கேட்டு, பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்து அடித்துக் கொடுப்பார்கள். அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று பாவம் மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. ஜாவா என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பங்க் பெண் சும்மா தலையை ஆட்டியிருக்கிறாள்.

தானியேல் வாயைத் திறந்தான். அரசப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த பூமிகா, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பெட்ரோலு நல்லாத்தான் இருக்குது நைனா" என்றான் தானியேல். "ரொம்ப நாளு நின்ன இஞ்சினு. அப்படித்தான் புடிச்சிக்கும். பழைய வண்டி."

அவனை வழியனுப்புகிற சாக்கில் பூமிகா வேலி வரை போனாள்.

"ஏன் சிஸ்டர் சொல்ல வேணான்னீங்க? அங்க உங்கள இல்ல பேசறாங்க."

"பேசட்டும்ணா."

"எனக்கு மனசு ஆறல. அவரு பண்ண தப்புக்கு நீங்க..."

"அவரு புள்ளையோட பேசாமலே இருந்துட்டாரு. அதுக்கே இந்த ஒரு வருசமா அவரு சரியா சோறு துன்னல. இப்ப அந்தப் புள்ள கையால மூடுன இஞ்சின நீங்கதான் கெடுத்துட்டீங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? என்னைய பேசினா நான் அழுதுட்டு எழுந்துடுவேன். அவரு எழுந்திரிக்க மாட்டாருண்ணா."

தானியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. சின்னப்பொண்ணு மட்டும், சாமிக்குப் படைத்ததை வீணாக்கக் கூடாது என்று பொங்கலில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். பூமிகா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அரசப்பன் வண்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வாய் துன்னுங்க மாமா."

"வெச்சிட்டு உக்காரும்மா." அவள் உட்கார்ந்தாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க எப்போதும் உட்கார்கிற அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "திருவள்ளூருக்கு போன் பண்ணேன். உங்கண்ணன் துளசிராமன் சாயங்காலம் வண்டி எடுத்துக்கினு வரேன்னான்."

துளசிராமன் ஆறு மாதமாகத் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். வரமாட்டேன் என்று அவள் சொல்வதும், அவ எங்க பொண்ணு, எங்கியும் வரமாட்டா என்று அரசப்பன் ஃபோனைப் பிடுங்கிச் சொல்வதும் வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான்.

"எதுக்கு மாமா?" என்றாள் பூமிகா.

"இங்க இருந்தா உன்ன பேசியே கொன்னுடுவாங்கம்மா."

"நீங்க இருக்கீங்க இல்ல. அது போதும் எனக்கு."

அரசப்பன் கிரீஸ் துணியைக் கையில் எடுத்தார். "நானும் மனுசன்தாம்மா. அந்த சின்னப்பொண்ணு சொன்னப்ப, ஆமா, நீ வந்தப்பதான நின்னுச்சுன்னு எம் மனசும் ஒரு தபா சொல்லிச்சு. ஒரே தபாதான். ஆனா சொல்லிச்சு. அதுக்கப்பறம் உன்ன இந்த ஊட்டுல வெச்சிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

ஒரு வார்த்தை போதும். ஆயில் என்று சொன்னால் போதும். அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம். அந்த வார்த்தை பூமிகாவின் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே அந்த வயசான கை கிரீஸ் துணியால் இஞ்சினின் மேல்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தது.

"சரி மாமா" என்றாள்.

"ஆனா ஒண்ணும்மா." முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு தானியேல வரச் சொல்லி இத தொறக்கப் போறேன். வேணான்னு சொல்லாத. இன்னா ஆச்சுன்னு என் ரெண்டு கண்ணால பாக்கணும். உன்னால இல்லன்னு இந்த ஊருக்கே எடுத்துக் காட்டணும். காட்டிட்டு, சரி பண்ணி, திருவள்ளூருக்கு உன் வாசலுக்கே ஓட்டிகினு வரேன். நீ ஏறி உக்காந்து ஊட்டுக்கு வந்துடு."

தானியேலின் வாயைக் கட்டலாம். திறந்த சிலிண்டருக்குள் வறண்டு கீறிக் கிடக்கப்போகும் அந்த பிஸ்டனின் வாயை எப்படிக் கட்டுவது? ஒரு வருஷம் அவள் பக்கத்தில் இருந்து வேலை பழகியவர் அவர். பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

வெயில் இறங்கும் நேரத்தில் வெளியே துளசிராமனின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து தன் துணிமணிகளை எடுத்துவைக்க உள்ளே போனாள். நாளைக் காலை மாமா எதைப் பார்க்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். பார்த்துவிட்டு அவர் தரையில் உட்காரும்போது, பக்கத்தில் அவள் இருக்க மாட்டாள்.